வாலாட்டாத குட்டி

பால் குடிக்கிற செம்மறிக்குட்டி வாலை ஆட்டாமல் இருக்காது. மடியில் வாய் பட்டதும் வால் தன் பாட்டுக்குத் துடிக்கும். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் ஆடுகளோடே கிடந்த குன்சஸ், வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு குடிக்கிற குட்டியை இதுவரை பார்த்ததில்லை. இது அப்படித்தான் குடித்தது. நேற்று மாலையிலிருந்து மடியை விடவே இல்லை.

"வாலா முக்கியம் அண்ணி? பால் உள்ள போகுதுல்ல?" அடுப்படியிலிருந்து யங்ஸ்கித் குரல் கொடுத்தாள். கணவனின் தங்கை, வாய்த்துடுக்குக்காரி. "எங்கண்ணன்கூடத்தான் சாப்பிடறப்ப ஆடாம அசையாம உக்காந்திருக்கும். அதுக்காக நீங்க பயந்தா ஓடினீங்க?"

குன்சஸுக்குச் சிரிப்பு வரவில்லை. தரையில் வெட்டிய சதுர வழியில் குனிந்து, கீழே கொட்டிலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜான்ஸ்கர் மலைப்பள்ளத்தாக்கில் பனிக்காலத்து வீடு இப்படித்தான்: மேலே மனிதர்கள், கீழே ஆடுகள், நடுவில் ஓர் ஏணி. ஆடுகளின் மூச்சுச்சூடு ஏறிவந்து மேலறையைக் காக்கும். இந்த வருஷத்துப் பனியோ படுபாவிப் பனி. வாசற்கதவை முழுக்க மூடிவிட்டது. சன்னலையும் மூடியதால் பகலிலேயே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கணவன் நம்கைல் உறைந்த ஆற்றின்மேல் நடந்து லே நகருக்குப் போயிருந்தான். "பிள்ளையும் ஆடும் உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். ஆடுகள் ஒவ்வொன்றாய் விறைத்துக்கொண்டிருந்தன. பல்மோ மட்டும் கொழுக்கு மொழுக்கென்று இருந்தாள், இன்னும் தவழக்கூடத் தெரியாத மகள். குன்சஸுக்கு உயிரே அவள்தான்.

நேற்று கறுப்புமூஞ்சி ஆட்டின் குட்டி குளிரில் செத்தது. அதே மாலை, நெற்றியில் வெள்ளைப் புள்ளி வைத்த இன்னொரு குட்டியை அனாதையாக விட்டுவிட்டு அதன் தாய் செத்தது. இப்படி நேர்ந்தால் செய்வது ஒன்றுதான். செத்த குட்டியின் தோலை உரித்து, அனாதைக் குட்டிக்குச் சட்டை மாதிரி மாட்டிக் கட்டிவிடுவார்கள். தாயாடு மோந்து பார்க்கும். தன் பிள்ளையின் வாசம். அது போதும், பால் கொடுத்துவிடும். பார்க்கப் பாவமாக இருந்தாலும் இரண்டு உயிர் பிழைக்குமே! குன்சஸ் எத்தனையோ முறை செய்திருக்கிறாள். நேற்று பாதியிலேயே விளக்கு அணைந்துவிட்டது. அனாதைக் குட்டியை இருட்டில் தடவிப் பிடித்து, தடவியே கட்டினாள். தோலை மாட்டும்போது அது திமிறவில்லை. காலை ஒவ்வொன்றாய்த் தானே தூக்கிக் கொடுத்தது. சமத்துக் குட்டி என்று அப்போது கொஞ்சக்கூடச் செய்தாள். இப்போது அதை நினைத்தபடியே விளக்கை எடுத்துக்கொண்டாள்.

"தோலைக் கழட்டிடப் போறேன். பல்மோவைப் பாத்துக்கடி."

"இப்பவா? வாசம் இன்னும் ஒட்டியிருக்காதே. தாயாடு குட்டியத் தள்ளிவிட்டுரும்."

"தள்ளினா தள்ளட்டும்."

கொட்டிலில் எருவின் காட்டமும் ஈரக் கம்பளியின் முடைநாற்றமும் எப்போதும் இருப்பவைதான். இன்று அவற்றுக்கு அடியில் வேறொரு வாடை, வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தாற்போன்ற குளிர்ந்த வாடை, ஏணியின் கடைசிப் படியிலேயே மூக்கில் ஏறியது. ஆடுகள் எல்லாம் எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து, முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை. அசைபோடும் சத்தமும் இல்லை. சப்பும் சத்தம் மட்டும். நிதானமாக, இடைவிடாமல்.

கறுப்புமூஞ்சி படுத்துவிட்டிருந்தது. நேற்றுவரை புடைத்திருந்த விலா இன்று எலும்பெலும்பாய்த் தெரிந்தது. கண் திறந்தே இருந்தது. குட்டியை அது தள்ளவில்லை. உயிர் போகிற நேரத்திலும் நாக்கை நீட்டி அந்தத் தோலை நக்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, என் தாயே!" என்றாள் குன்சஸ்.

விளக்கை வைக்கோலுக்குத் தள்ளித் தரையில் வைக்கப் போனாள். கால் எதிலோ தட்டியது. கல் போல விறைத்த ஒன்று. வைக்கோலை விலக்கினாள். நெற்றியில் வெள்ளைப் புள்ளி.

அனாதைக் குட்டி. எப்போதோ செத்திருந்தது. அதன் உடம்பில் தோலும் இல்லை, கயிறும் இல்லை.

அப்படியானால் நேற்று தோலை எதன்மேல் கட்டினாள்?

சப்பும் சத்தம் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். தோல் தரையில் தட்டையாகக் கிடந்தது. காலியாக. முடிச்சுகள் அவிழவே இல்லை. குளிர்ந்த ஏதோவொன்று அவள் கெண்டைக்காலை உரசிக்கொண்டு போனது. விளக்கு அணைந்தது. ஏணி ஒருமுறை முனகியது. சற்றைக்கெல்லாம் மூலை வைக்கோல் சரசரத்தது, ஏணி மறுபடி முனகியது.

"யங்ஸ்கித்! பல்மோ!"

எப்படி ஏறினாள் என்று தெரியாது. முழங்கால் சிராய்ந்தது. மேலே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. யங்ஸ்கித் முதுகைக் காட்டிக்கொண்டு வெண்ணெய்த் தேநீர் கடைந்தாள்.

"எதுக்கு இப்படிக் கத்தறீங்க? இப்பத்தான் தூங்கினா."

கூடையில், கம்பளித் துணிக்குள், குல்லாய் முகத்தை மறைக்க, பல்மோ. குன்சஸ் அப்படியே வாரி எடுத்து முகம் புதைத்தாள். வெண்ணெய், புகை, புளித்த பால். மகளின் வாசம். அப்பாடா! கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து மாரில் அணைத்தாள். பிள்ளை வாய் வைத்தது.

வாய் சில்லென்றிருந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அழுகை கேட்டது. வைக்கோலுக்கு அடியிலிருந்து வருவது போல அமுங்கி, வீறிட்டு, தொண்டை கட்டி, மறுபடி வீறிட்டு.

அவளுக்குத் தெரியாத அழுகையா?

"உங்க குட்டிக்கு என்ன அண்ணி இப்படி ஒரு குரல்! மனுஷப்பிள்ள தோத்துடும்." யங்ஸ்கித் சிரித்தாள். "கீழேருந்து குளிர் ஏறுது. மூடிடறேன்." ஏணிவழிமேல் பலகையைத் தள்ளி, அதன்மேல் மாவு மூட்டையையும் இழுத்து வைத்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் குன்சஸ் வாயைத் திறந்தாள். தாலாட்டுத்தான் வந்தது. மடியில் இருப்பதைத் தூக்கி எறியத்தான் கையை எடுத்தாள். கை போய் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது. மூக்கு நிறைய மகளின் வாசம். பால் பீறிட்டு இறங்கியது.

கீழே பல்மோ அழுதுகொண்டிருந்தாள். குன்சஸ் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.