அரசரின் அரை மணி நேரம்

ஊசிப்பாறை ஊரில் அன்று காலை மின்விசிறிகள் எல்லாம் கொஞ்சம் வேகமாகச் சுற்றின. அரசர் எதையோ நினைத்துவிட்டார் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

டீக்கடையில் பேச்சு நின்றது. எல்லாரும் விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள். மாவு மில்லில் பெல்ட் கீச்சிட்டது. பள்ளிக்கூடத்து ஆசிரியை, அரண்மனை மூன்று தெரு தள்ளி இருந்தும், பிள்ளைகளை வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்லச் சொன்னார். நாடிமணியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் ஜெபஸ்தியான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினார். அரண்மனைத் தெருவில் செருப்புச் சத்தம் கூடாது என்பது சட்டம்.

ஊரில் நாலாயிரத்துச் சொச்சம் வீடு. ஒவ்வொரு கூரையிலும் வெயிலை மின்சாரமாக்கும் வெயில் ஓடு, ஒவ்வொரு மாடிப்படிக்கு அடியிலும் அதைச் சேர்த்துவைக்கும் சேமப்பெட்டி. வெளியூரிலிருந்து வந்த பெரிய மின்கம்பிகளைக் கழற்றிப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவரவர் கூரை, அவரவர் வெயில், அவரவர் மின்சாரம். மிஞ்சியதை ஊர்க் கம்பியில் விடலாம். குறைந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் மின்சாரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. அது நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடும். நாலாயிரம் வீட்டு மின்சாரமும் ஒரே கம்பியில் கலக்க வேண்டுமானால், நாலாயிரமும் ஒன்றாக ஆட வேண்டும். தேர் வடம் பிடிக்கிற மாதிரிதான். ஆயிரம் பேர் பிடிக்கலாம். எப்போது இழுப்பது என்று ஒரு குரல்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் குரலாக ஒரு கடிகாரப் பொறி இருந்தது. எங்கோ இருந்த யாரோ அதன் ரகசிய எண்ணைத் திருடி ஐம்பதை எழுபதாக்க, ஒரே மத்தியானத்தில் ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ் அத்தனையும் புகைந்தன. எண்ணை மாற்றினார்கள். அதையும் திருடினார்கள். பிறகுதான், திருட முடியாத கடிகாரம் எது என்று உட்கார்ந்து யோசித்தார்கள். உயிரோடு இருக்கும் மனிதனின் நாடி. நிமிடத்துக்கு அறுபது துடிக்கிற ஒருவர் கிடைத்தால், துடிப்புக்கு ஐம்பது அலை. சரியாகப் பொருந்தியது. அந்தப் பொறிக்கு நாடிமணி என்று பெயர் வைத்தார்கள்.

தொடக்கத்தில் இதை ஒரு வேலையாகத்தான் வைத்திருந்தார்கள். முதலாவது ஆள் துபாய்க்குப் போய்விட்டார். இரண்டாவது ஆள் காதலித்தார். ஒரு வாரம் தெருவிளக்குகள் படபடத்தன. மூன்றாவது ஆள் சம்பள உயர்வு கேட்டு மூச்சை அடக்கிப் பிடித்தார். வேலை என்று இருந்தால் ராஜினாமா என்று ஒன்று இருக்கும். ராஜாவுக்கு அது கிடையாது. ஆகவே ஊர் கூடி, கைதூக்கி, முறைப்படி வாக்கெடுத்து முடியாட்சிக்கு மாறியது.

அரசராக இசக்கியப்பன் கிடைத்தார். கல்யாண மண்டபத்தில் பாத்திரங்களுக்கு இருபது வருடம் காவல் இருந்தவர். பந்தியில் இலை பறந்தாலும், மாப்பிள்ளை பின்வாசல் வழியாக ஓடினாலும், கரண்டி எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்ப்பவர். நாடி பிசகாமல் அறுபது.

அவருக்காக ஒவ்வொரு வீடும் தன் வெயிலில் எட்டில் ஒரு பங்கைக் கொடுத்தது. குளிர் அறைகளுக்கும், ஒரு வைத்தியருக்கும், மிளகாய் இல்லாமல் சமைக்கத் தெரிந்த ஒருவருக்கும், காக்கை விரட்ட இருவருக்கும் அது சரியாகப் போயிற்று. கோயில் கொடைத் திருவிழாவுக்கு மேளம் நிறுத்தப்பட்டது. சாவுக்குச் சங்கு ஊதுவதில்லை. அறுபத்தாறுக்கு மேல் அரசரின் நாடி போனால் வீட்டுப் பெட்டிகள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கம்பியை விட்டுக் கழன்றுவிடும், ஊர் நின்றுவிடும். அரசியார் செல்லக்கனி பழைய வீட்டிலேயே இருந்தார். அவரைப் பார்த்தால் அரசருக்கு இரண்டு துடிப்பு கூடியது. ஆகையால் வெள்ளிக்கிழமை மட்டும் அனுமதி. மற்ற நாள்களில் காலைச் சாப்பாடு தூக்குச்சட்டியில், துணியால் முடிச்சுப் போட்டு வரும்.

ஜெபஸ்தியான் உள்ளே போனபோது அரசர் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே தூக்குச்சட்டி அவிழ்க்காமல் இருந்தது. சுவரில் நாடிமணியின் முள் அறுபத்து மூன்றில் நின்றது.

"சாப்பிடலியா, அண்ணாச்சி?" ராசா என்றுதான் அழைக்க வேண்டும், தனியே இருக்கும்போது அவர் அப்படி அழைப்பதில்லை.

"ஏலே ஜெபஸ்தி, இந்த முடிச்சப் பாரு."

"முடிச்சுக்கு என்ன?"

"செல்லக்கனி இடது கைக்காரி. அவ போட்டா இந்தப் பக்கம் திரும்பி இருக்கும். ஒம்பது நாளா வலது கை முடிச்சு வருது."

"மதினிக்குக் கையில சுளுக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ள கட்டிக் குடுக்கா."

"வெள்ளிக்கிழம வரலியே."

"அதான் சுளுக்குல்லா."

"கையில சுளுக்குன்னா கால் நடக்காதாலே?"

முள் அறுபத்து நாலுக்கு வந்தது. ஜெபஸ்தியான் முள்ளைப் பார்த்தார். அரசர் ஜெபஸ்தியானைப் பார்த்தார்.

"இருபது வருசம் பாத்திரம் காத்தவன்லே நான். ஒரே மாதிரி ஆயிரம் தூக்குச்சட்டி இருந்தாலும், கட்டுன கைய வச்சு யாரோடதுன்னு சொல்லிருவேன். உங்களுக்கு அவ தூக்குச்சட்டி கெடச்சிட்டு. அவ கை கெடைக்கல."

ஜெபஸ்தியான் வாயைத் திறந்தார்.

"சொல்லாண்டாம். சொன்னா ஊரு நின்னுரும்."

முள் அறுபத்தைந்து. அரசர் கண்ணை மூடிக்கொண்டு, மண்டபத்துச் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். "சின்னக் கரண்டி நாப்பது. பெரிய கரண்டி பன்னெண்டு. சாம்பார் வாளி எட்டு. ஒண்ணுக்குக் காது ஒடஞ்சது." முள் இறங்கி இறங்கி அறுபத்தொன்றில் வந்து நின்றது. வெளியே மாவு மில்லின் கீச்சுச் சத்தம் ஓய்ந்தது. செல்லக்கனியைச் சங்கு இல்லாமல், பின்தெரு வழியாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எடுத்துப்போன ஊர்வலத்தில் ஜெபஸ்தியானும் போயிருந்தார். அன்றைக்கு வராத அழுகை இப்போது வந்தது. அதை முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டார். எதிரே அழக்கூடாது என்பதும் சட்டம்.

"எனக்கு அரை மணி நேரம் வேணும்," என்றார் அரசர். "முன்கூட்டியே ஊருக்குச் சொல்லிரு. ஆஸ்பத்திரியில தனிப் பெட்டி இருக்கு, அது தாங்கும். நான் அழணும்லே. அவ்வளவுதான்."

அன்று மத்தியானம் அதே கல்யாண மண்டபத்தில் ஊர்ச்சபை கூடியது. சபைத் தலைவர் உலகம்மாள். செல்லக்கனியின் சாவை மறைக்கச் சொன்னவரும் அவரே. ஒரு ஊரைக் கட்டிக்காக்க வேண்டியவர், அப்படித்தான் சொல்லியிருக்க முடியும்.

"அரை மணி நேரந்தானவே, குடுத்துட்டுப் போங்களேன்," என்றார் டீக்கடைக்காரர்.

"இன்னைக்குப் பொஞ்சாதி," என்றார் ஐஸ் கம்பெனி முதலாளி. "நாளைக்கு அண்ணன் சாவான், தங்கச்சி சாவா. அவருக்குச் சொந்தம் ஜாஸ்தி. எனக்கு ஐசு உருகும்."

"அழுகைய அரை மணி நேரம்னு யாரு அளந்தா?" என்றார் உலகம்மாள். "தொடங்குனா நிக்குமா? ராசான்னா ராசா மாதிரி இருக்கணும். அதுக்குத்தான எட்டுல ஒரு பங்கு குடுக்கோம்?"

எட்டில் ஒரு பங்கு என்றதும் பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது. என் வீட்டு ஓட்டில் விழுகிற வெயிலுக்கு நான் எதற்கு ராசாவை வைத்துத் தீனி போட வேண்டும் என்றார் ஒருவர். மேளம் கேட்டு எட்டு வருடம் ஆயிற்று என்றார் இன்னொருவர். அரசருக்குத் தும்மல் வரும் என்று என் கடையை ஊருக்கு வெளியே தள்ளினீர்களே என்று மிளகாய் வற்றல் வியாபாரி அழுதேவிட்டார்.

ஜெபஸ்தியான் எழுந்து பையிலிருந்து ஒரு வளையை எடுத்துக் காட்டினார். அரசர்மேல் இருந்த இரக்கத்தில் ஒரு வருடமாக ரகசியமாகச் செய்துவந்தது. பழைய நாடிமணிக்கு அறுபது மட்டும்தான் தெரியும்; இந்த நாடிவளை யார் கையில் போட்டாலும் பத்து மூச்சில் அவர் நாடியைப் பழகிக்கொள்ளும். ஊர்க் கம்பி வேண்டாம். வீட்டுக்கு ஒருவர் போட்டுக்கொண்டால், அவர் எங்கே இருந்தாலும் அந்த வீடு அவர் நாடியில் ஓடும்.

"அப்போ ராசாவே வேண்டாமா?" என்றார் உலகம்மாள்.

"வீட்டுக்கு வீடு ராசாதான், தலைவரம்மா."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு மனிதருக்கு அரை மணி நேரம் கொடுக்க மனம் வராத சபை, ஒரு அரசையே விட்டுக்கொடுக்க ஒருமனதாகக் கைதூக்கியது.

நாலாயிரம் வளை செய்து முடிக்க நாற்பத்தோரு நாள் ஆயிற்று. அதுவரை அரசர் அறுபதிலேயே இருந்தார்.

நாற்பத்திரண்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஜெபஸ்தியான் நாடிமணியின் கம்பியை அவர் மார்பிலிருந்து கழற்றினார். ஊரில் விசிறிகள் நின்றன. மோட்டார்கள், மில், ஐஸ் கம்பெனி எல்லாம் நின்றன. வீட்டுக்கு வீடு ஊர்க் கம்பியைக் கழற்றிவிட்டுப் புது வளைக்கு மாறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், எட்டு வருடத்தில் இல்லாத ஒரு அமைதி. இசக்கியப்பன் பழைய வீட்டுக்கு நடந்து போனார். கதவைத் திறந்தார். பிறகு அவர் அழுத சத்தம் ஊர் முழுவதும் கேட்டது.

அரை மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு என்று ஜெபஸ்தியான் சொல்கிறார். தொடங்கியது நின்றது. உலகம்மாள் சொன்னது தவறு. ஆனால் அதைச் சொல்லிக்காட்ட யாருக்கும் நேரமில்லை. வீட்டுக்கு வீடு விளக்கு எரியத் தொடங்கியிருந்தது.

முதல் மாதம் மேளம் கேட்டது. இரண்டாம் மாதத்திலிருந்து, வளை போட்ட அப்பாவிடம் பிள்ளைகள் மதிப்பெண் அட்டையைக் காட்டுவதில்லை. வளை போட்ட மாமியாரை மருமகள் எதிர்த்துப் பேசுவதில்லை. பேசினால் பழகிய நாடி சட்டென்று ஏறும், மாவு ஆட்டுவது பாதியில் நின்றுவிடும். நாலாயிரம் சமையலறையிலும் மிளகாய் குறைந்தது. வற்றல் வியாபாரி மறுபடியும் அழுதார். ஆனால் வளை அவர் கையில் இருந்ததால் மனதுக்குள். வீட்டுக்கு வீடு ஒருவரிடம் மட்டும் சொல்லக்கூடாத சேதிகள் சேர்ந்துகொண்டே போயின. சொல்லாத சேதியை, அந்த ஒருவர் மற்றவர்களின் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டு, தெரியாதது மாதிரி நாடி பிசகாமல் இருந்தார்.

முதலில் வந்தவர் டீக்கடைக்காரர். அம்மா இறந்து மூன்று நாள் ஆகியும் அழவில்லை.

"அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம் இதப் போட்டுக்கிடுங்க."

இசக்கியப்பன் வளையை வாங்கி, மண்டபத்துப் பழக்கத்தில் ஆணியால் அதில் டீக்கடைக்காரரின் பெயரைக் கீறி, தன் கையில் போட்டுக்கொண்டார். "கொல்லைப் பக்கம் போங்க. நான் பாத்துக்கிடுதேன்," என்றார்.

அரசர் வீடு என்று விட்டுவிட்டதால், ஊரில் இசக்கியப்பன் வீட்டில் மட்டும் வெயில் ஓடு கிடையாது. எதுவும் நின்றுவிடாத ஒரே வீடு அதுதான். ஆள்கள் வரத் தொடங்கினார்கள். காலையில் பத்து வளை, மாலையில் இருபது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு வளையோடும் ஒரு தூக்குச்சட்டி வந்தது. எல்லாம் சேர்ந்தால் பழைய எட்டில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும் என்று ஜெபஸ்தியான் கணிக்கிறார்.

செல்லக்கனிக்கு வருடம் திரும்பிய அன்று காலை உலகம்மாள் வந்தார். ஒரே சீராக நடந்து வந்தார். வீட்டில் அவர் கணவர் மூச்சுப்பொறியில் இருந்தார். பொறி உலகம்மாளின் நாடியில் ஓடியது.

"அண்ணாச்சி, என் தம்பி போயிட்டான். மும்பையில," என்றார், மழை வரும் என்று சொல்கிற குரலில். "விடியக்கால போன் வந்துச்சு. ஒரு அரை மணி நேரம்..."

வளையைக் கழற்றப் போனார். இசக்கியப்பன் கையைக் காட்டித் தடுத்தார். அவர் இரண்டு கைகளிலும் முழங்கை வரை வளைகள் இருந்தன. கொல்லைப் பக்கத்திலிருந்து பலரும் அழும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"இன்னைக்கு அவளுக்கு வருசம், தலைவரம்மா. வாசக்கதவச் சாத்திருவம்னு பாத்தேன். அதுக்குள்ள முப்பத்தேழு பேரு வந்துட்டாவ."

உலகம்மாள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"இதக் கொஞ்சம் பிடிங்க," என்று இசக்கியப்பன் வளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "பத்து மூச்சு ஒரே மாதிரி விட்டாப் போதும், உங்க நாடியப் பழகிக்கிடும். அரை மணி நேரந்தான். அதுக்குப் பொறவு உங்க முறை. நான் போட்டுக்கிடுதேன்."

"எனக்கு இப்போ..." என்று தொடங்கிய உலகம்மாள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கையை நீட்டினார். முப்பத்தேழு வளைகளையும் இசக்கியப்பன் அவர் கைகளில் போட்டுவிட்டார். உலகம்மாளுடையதோடு முப்பத்தெட்டு.

இசக்கியப்பன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது.

உலகம்மாள் இரண்டு கைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். தம்பியின் பெயர் நாக்கு வரை வந்தது. மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த தூக்குச்சட்டிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார்.