கறுப்பு டைமன்

செம்பாறைக் குடியிருப்பில் காலை ஆறரைக்குச் சுவர் பெயர் கூப்பிடும். வீட்டின் தலைவர் எழுந்து போய் அதன் எதிரே நின்று வீட்டில் எத்தனை பேர் என்று சொன்னால் அன்றைய காற்று திறக்கும். தூங்கிவிட்டால் சுவர் மூன்று தடவை கூப்பிட்டுப் பார்க்கும், பிறகு கொஞ்சம் கோபமாகவும் கூப்பிடும். செவ்வாயின் தரைக்கு அறுபது மீட்டர் கீழே பதினோரு வருடங்களாக இதுதான் வழக்கம். பல் தேய்ப்பதைப் போல இதையும் யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அன்று ஓய்வு நாள். திருமாறன் சுவரிடம் "மூணு பேர்" என்று சொல்லிவிட்டு, பனிச்சுரங்கத்தில் ஒரு துளைப்பான் சூடாகிறதாம், பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கிளம்பினான். மனைவி பொற்கொடி போர்வைக்குள்ளிருந்தே சரி என்றாள். பதினோரு வயது மகள் இசைமொழி அப்போது விழித்திருக்கவில்லை.

பத்தேகாலுக்குப் பொற்கொடி பாசிமாவில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுவர் தன்னோடு பேசமாட்டேன் என்கிறது என்று இசைமொழி வந்து புகார் சொன்னாள். பொற்கொடி கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தன் பெயரைச் சொன்னாள். பதில் இல்லை. மறுபடியும் சொன்னாள். வெளிர் நீலத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'காலி அறை. காற்று நிறுத்தப்படுகிறது.' கூரையில் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும் இரைச்சல் நின்றது.

பொற்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முகப்பு வடிவமைப்பாளர். குடியிருப்பின் சுவர்களும் கதவுகளும் மனிதர்களோடு பேசும் பேச்சு முழுவதும் அவள் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், இருபத்தாறு வயதில் வரைந்த, வகுப்புப்படம் என்ற ஒரு மென்பொருள் வரைபடத்தின் மேல் நிற்கிறது. அதில் புரியாதது ஒன்றுமில்லை. திரைகளை வரைவதற்கு முன்பே, அவற்றுக்குள் என்னென்ன வாழப்போகின்றன என்று பெட்டி பெட்டியாக எழுதிக்கொள்வார்கள். ஆள் ஒரு பெட்டி, வீடு ஒரு பெட்டி, கதவும் கட்டிலும் காற்றுக்குழாயும் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. எது எதோடு எப்படிச் சேர்ந்தது என்பதைப் பெட்டிகளுக்கு நடுவே கோடுகளாகப் போடுவார்கள். ஒன்று மற்றொன்றின் பகுதி என்றால், கோட்டின் முனையில் சீட்டுக்கட்டில் வருவது போல ஒரு டைமன். டைமன் வெற்றாக இருந்தால் முழுமை அழிந்தாலும் பகுதி பிழைக்கும். அணி கலைந்தாலும் ஆட்டக்காரர்கள் இருப்பது போல. உள்ளே கறுப்பு நிரப்பியிருந்தால் பகுதிக்கு அந்த ஒரே முழுமைதான் கதி. கட்டடத்தை இடித்தபின் அதன் அறைகள் மட்டும் தனியாக நிற்பதில்லை.

'குடும்பத் தலைவர்' பெட்டிக்கும் 'உறுப்பினர்' பெட்டிக்கும் நடுவே அவள் போட்டது கறுப்பு டைமன். பூமியிலிருந்து வந்த ஒரு பழைய விண்ணப்பப் படிவத்தைப் பார்த்துத்தான் வரைந்தாள். மேலே தலைவர் பெயர், அதற்குக் கீழே மற்றவர்கள் வரிசையாக. தலைவர் திடீரென்று இறந்துபோனால் என்ன செய்வது என்று அன்றைய மேலாளர் வேதகிரியிடம் கேட்கத்தான் செய்தாள். அதெல்லாம் மருத்துவமனையிலேயே மகன் பெயருக்கோ தம்பி பெயருக்கோ மாற்றிவிடுவார்கள் என்றார் அவர். படத்தைக் கொடுக்க மூன்று நாள்தான் இருந்தது. கறுப்பு நிரப்பினால் பாதித் திரைகள் தேவைப்படாது, பார்க்கவும் சுத்தமாக இருக்கும். நிரப்பினாள்.

இத்தனை வருடங்களில் குடியிருப்பில் ஆறு சாவுகள். நான்கு பேர் படுக்கையில் கிடந்து, பெயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள். இரண்டு பேர் தனியாட்கள். ஆகவே அந்தக் கோடு என்ன செய்யும் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை.

சுவர் ஒரு மனைவியையும் மகளையும் சேர்த்து மறப்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. திருமாறன் இறந்துவிட்டதாக அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இறப்புச் செய்தி உறுப்பினர்களுக்குத்தான் போகும். உறுப்பினர்கள் அவனோடு சேர்ந்து அழிந்திருந்தார்கள். தான் போட்ட கோட்டை மனதுக்குள் படித்து அவளாகத்தான் தெரிந்துகொண்டாள்.

இசைமொழி என்னாயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பொற்கொடி கதவை நோக்கி ஓடினாள். ஆள் வந்தால் திறக்கும் கதவு அது. இப்போது அதன் கணக்கில் முன்னால் ஆள் யாரும் இல்லை. கையால் தட்டினாள், தோசைக்கல்லால் இடித்தாள். அழுத்தம் தாங்குவதற்காக ஒரு முழம் கனத்தில் செய்த கதவு. வெளியே எதுவும் கேட்டிருக்காது. அறையில் இருக்கும் காற்று இரண்டு பேருக்கு இரண்டரை மணி நேரம் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டவளும் அவள்தான்.

மகளைத் தரையில் படுக்கவைத்து, பக்கத்தில் தானும் படுத்தாள்.

"அப்பாவைக் கூப்பிடும்மா" என்றாள் இசைமொழி.

"பேசாத கண்ணு. மூச்சை மிச்சம் பிடி."

அழுதால் காற்று அதிகம் செலவாகும். அதனால் அவள் அழவில்லை. காலி அறையைச் சுவர் அடுத்து என்ன செய்யும் என்று யோசித்தாள். பெட்டி பெட்டியாக, கோடு கோடாக நினைவுபடுத்திக்கொண்டு வந்தாள். காலி அறையைத் துப்புரவு செய்ய ஓர் ஏவலி இயந்திரம் வரும். எப்போது வரும் என்பதை மட்டும் படத்தில் அவள் எழுதியிருக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு வந்தது. அதற்குள் இசைமொழியின் உதடு வெளுத்துப்போயிருந்தது. கதவு ஏவலியின் அகலத்துக்கு மட்டும் திறந்து, அதன் வண்டி உள்ளே வந்ததும் மூடிக்கொண்டது. அந்த இயந்திரம் கட்டிலை மடித்தது, பாத்திரங்களுக்கு ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டி வண்டியில் ஏற்றியது. பொற்கொடியின் மேல் அதன் கண் சற்று நேரம் நின்றது.

"நாங்க ஆளுங்க. கதவைத் திற" என்றாள் அவள்.

"ஆள் பதிவு இல்லை" என்றது ஏவலி.

தலை சுற்றிக்கொண்டு வந்தது. கெஞ்சிப் பயனில்லை என்பது அவளைவிட வேறு யாருக்கும் அவ்வளவு நன்றாகத் தெரியாது. இந்த அறையிலிருந்து ஆள் வெளியே போக முடியாது. எது போக முடியும்?

"அப்ப சாமான்னு வெச்சுக்கோ. எங்களையும் ஏத்து."

"எடை?"

"அம்பத்தாறு கிலோ. இவ முப்பது."

ஏவலி அவள் மணிக்கட்டில் ஒரு சீட்டை ஒட்டியது, மகளின் மணிக்கட்டில் இன்னொன்றை. 'உரியவர் இல்லாத பொருள்' என்று அதில் அச்சாகியிருந்தது. தோசைக்கல்லுக்கும் மடித்த கட்டிலுக்கும் நடுவே மகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடி பொற்கொடி தன் வீட்டைவிட்டு வெளியே வந்தாள். பொது வழியின் காற்று முகத்தில் பட்டதும் இரண்டு பேரும் நீரிலிருந்து எழுந்தவர்களைப் போல வாயைத் திறந்து இழுத்தார்கள்.

வண்டியிலிருந்து இறங்கி மகளோடு ஓடினாள். அவள் வேலை செய்யும் முகப்பு அலுவலகத்தின் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. கண்ணாடியை அவள் அறைந்த அறையில், உள்ளே பணியில் இருந்த அந்தோணிராஜ் ஓடிவந்து திறந்தான். அவளிடம் ஏழு வருடமாக வேலை செய்பவன். அவன் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்ததும், எங்கேயோ கோடு தவறாக இருக்கலாம் என்று அவளுக்குள் மிஞ்சியிருந்த கடைசி நினைப்பும் போயிற்று. பத்து மணி பத்து நிமிடத்துக்குச் சுரங்கத்தின் கூரை இறங்கிவிட்டது என்றான். உடல் மருத்துவமனையில் இருக்கிறது. உறவினர் யாரும் இல்லை என்று பதிவு சொல்வதால் நான்கு மணிக்கு மண் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். மண் அறைக்குப் போனால் மாலைக்குள் உரம்.

அப்போது மணி ஒன்றரை.

அந்தோணிராஜ் அவளைப் புதிதாகப் பதிய முயன்றான். தலைவர் பெயர் இல்லாமல் படிவம் நகரவில்லை; அவள் பெயரையே தலைவராகப் போட்டால், பதிவில் இல்லாதவர் என்று தள்ளியது. பிறகு, "அக்கா, இப்போதைக்கு என் பேரைப் போட்டுடட்டுமா?" என்றான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் பெயருக்குக் கீழே போனால் அவனுக்கு மட்டுமே அவள் உறுப்பினர். கறுப்பு டைமனின் விதி அது. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு முழுமை. திருமாறன் கிடக்கும் அறைக் கதவு அந்தோணிராஜ் வீட்டுப் பெண்ணுக்குத் திறக்காது. படத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

வேதகிரி இப்போது குடியிருப்பின் தலைமை ஒருங்கிணைப்பாளர். கூட்டத்தில் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரையில் வந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார், இசைமொழி சாப்பிட்டாளா என்று விசாரித்தார். பிறகு, மூவாயிரம் பேரைத் தாங்கும் படத்தை நினைத்தவுடன் மாற்ற முடியாது, மன்றம் கூட வேண்டும், அதற்கு ஒரு வாரமாவது ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் யாராவது ஒரு ஆம்பள பேர்ல பதிஞ்சுக்கம்மா. எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க."

"சார், நான் அவரோட பொண்டாட்டி. அதை எழுத அந்தப் படத்துல எடமே இல்ல. வரைஞ்சவ நான்தான், எனக்குத் தெரியாதா? ஒரு தடவை அவர் முகத்தைப் பார்க்கணும் சார். இவளுக்குக் காட்டணும்."

அவர் மறுபடியும் வருத்தம் தெரிவித்துவிட்டுத் திரையிலிருந்து போனார்.

மணி மூன்று ஐந்து. அந்தோணிராஜ் தன் அனுமதிச் சொல்லைக் கொடுத்து வகுப்புப்படத்தைத் திறந்தான். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனான். திரையை மூடவில்லை.

பொற்கொடி உட்கார்ந்தாள். பன்னிரண்டு வருடங்களில் படம் ஒரு நகரத்தின் வரைபடம் போல வளர்ந்திருந்தது. தன் பழைய கோட்டை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. டைமனுக்குள் இருந்த கறுப்பை எடுத்தாள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே டைமன் இல்லாத சாதாரணக் கோடுகள் சில போட்டாள்: கணவன், மனைவி, தாய், தந்தை, பிள்ளை. ஒருவர் போனாலும் மற்றவர் பக்கம் அறுந்துவிடாத கோடுகள். அவளும் இசைமொழியும், அவர்களுக்கு எதிரே திருமாறனும், பழைய பதிவுகளிலிருந்து மீண்டு வந்து அந்தக் கோடுகளின் முனைகளில் நின்றார்கள். 'இந்த மாற்றத்தால் 3,112 பேர் தனித்தனி ஆட்கள் ஆவார்கள். சம்மதமா?' என்று இயந்திரம் கேட்டது. சம்மதம் என்றாள். மூன்று விநாடி ஆயிற்று. குடியிருப்பு பிறந்ததிலிருந்து யாராலும் முடியாது என்று இருந்த காரியம் அவ்வளவுதான்.

மூன்றே முக்காலுக்கு மருத்துவமனைக் கதவு அவள் பெயரைச் சொல்லித் திறந்தது. அதன்பின் இசைமொழி பெயரையும் சொன்னது. திருமாறனின் நெற்றியில் சுரங்கத்துப் பொடி அப்படியே இருந்தது. இசைமொழி அதைத் தன் சட்டையின் ஓரத்தால் மெல்லத் துடைத்தாள், எழுப்பிவிடக் கூடாது என்பதைப் போல. பொற்கொடி காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை எல்லாம் அழுது தீர்த்தாள்.

செய்தி பரவியதும் குடியிருப்பே கொதித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இது என்ன அநியாயம், நாளைக்கு நமக்கும் இதுதானே என்றார்கள். அவர்களில் அதிகமாக அழுதவள் அந்தோணிராஜின் மனைவி ஸ்டெல்லா. மன்றம் அவசரமாகக் கூடியது. பொற்கொடியின் மேல் நடவடிக்கை இல்லை, அவள் செய்த மாற்றமும் இருக்கும் என்று முடிவாயிற்று. ஆனால் திடீரென்று எல்லோரையும் தனியாட்கள் ஆக்கியது சிலருக்குச் சங்கடமாக இருப்பதாக வேதகிரி எடுத்துச் சொன்னார். விரும்புகிறவர்கள் மட்டும் தங்களுக்கு ஒரு தலைவர் பெயரை எழுதிக்கொள்ளலாம், எழுதினால் பழைய பிணைப்பே அவர்களுக்குத் தொடரும். இப்படி ஒரு துயரம் இனி நடக்காமலிருக்க, 'தலைவருக்குப் பின் தலைவர்' என்று இரண்டாவதாக ஒரு கட்டமும் சேர்த்தார்கள். கட்டாயம் எதுவும் இல்லை. முப்பது நாள் அவகாசம்.

நான்காம் நாளே ஏறக்குறைய எல்லோரும் தலைவர் பெயரை எழுதிவிட்டதால் மன்றத்துக்கு அவகாசம் தேவையில்லாமல் போயிற்று. பொற்கொடி அலுவலகத்தில் உட்கார்ந்து, வெற்று டைமன்கள் ஒவ்வொன்றாகக் கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் இல்லாமல் மிஞ்சிய குடும்பப் பெண்கள் ஒன்பது பேர். ஸ்டெல்லா அந்த ஒன்பதில் இல்லை. அன்று மதியம் சாப்பாடு கொண்டு வந்தவளிடம் பொற்கொடி ஏன் என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஸ்டெல்லா வெட்கப்பட்டாள். "அவர் ஒண்ணும் சொல்லலக்கா. நானாத்தான் அவர் பேரைப் போட்டேன். கட்டம் காலியா இருந்தா பார்க்க ஏதோ மாதிரி இருந்துச்சு."

அவள் போனபின் பொற்கொடி இசைமொழியின் பக்கத்தைத் திறந்தாள். அதுவும் காலையில் பள்ளியிலேயே நிரப்பப்பட்டிருந்தது. தலைவர் என்ற கட்டத்தில் அம்மாவின் பெயர். தலைவருக்குப் பின் தலைவர் என்ற கட்டத்தில், ஆசிரியை பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்லி எழுதவைத்த பதில்: 'திருமணத்துக்குப் பிறகு தெரிவிக்கப்படும்.'