கூந்தல் கயிறு

மணல் தீர்ந்துவிட்டது, பொம்மை நிற்கவில்லை.

குழாயிலிருந்த மணல் முழுக்க வடிந்து, மேலே மிதந்த ஈயக்குண்டு அடியில் உட்கார்ந்துவிட்டதை டைமோன் கண்ணாலேயே பார்த்தான். குண்டு இறங்க இறங்கக் கயிறு அச்சைச் சுழற்றும், அச்சு பொம்மையை ஆட்டும். குண்டு அடிதொட்டால் ஆட்டம் முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் பட்டறையின் மாலை மங்கலில், விளக்கெண்ணெய்ப் புகையும் அலெக்சாந்திரியா துறைமுகத்து உப்புக்காற்றும் சேர்ந்து மூச்சை அடைக்க, அந்த மரப்பெண் குட்டிப் பலிபீடத்தைச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டே இருந்தாள், கிறீச் கிறீச்சென்று, அவசரமே இல்லாமல்.

"நில்லு, பீடையே!"

நாளைக்கு மதுக்கடவுள் டயோனிசஸ் திருவிழா. முதலில் கட்டிய குடல்நரம்புக் கயிறு ஈரக்காற்றில் தொய்ந்து தொய்ந்து காலை வாரிவிட்டது. "பாதியில நின்னுச்சுன்னா உன்னையே மேடையேத்தி ஆடவிடுவேன்யா" என்று விழாத் தலைவர் எல்லார் முன்னாலும் சிரித்தார். வேறு வழி தெரியாமல்தான் டைமோன் மனைவியின் கல்லறைக்குப் போனான். கல்யாணத்துக்கு நிற்கிற மகள் மிர்ட்டோ, தாய் செத்த துக்கத்தில் ஒட்ட அறுத்துப் படைத்திருந்த கூந்தல் அங்கே இருந்தது. செத்தவர்களுக்குக் கொடுத்ததை யாரும் தொடமாட்டார்கள். அவன் தொட்டான், எடுத்துக் கயிறாக முறுக்கினான். பாவி.

அச்சைத் தடவினான். அவன் சுற்றிய கூந்தல் கயிறு கொஞ்சம்தான். இப்போது கைப்பருமன் இருந்தது. மறுமுனை குண்டில் இல்லை. சுவரோரமாய் மேலே போனது. உத்தர இடுக்கில் நுழைந்து, மிர்ட்டோ காய்ச்சலோடு படுத்திருந்த மாடிக்கு.

"கண்ணு, முழிச்சிருக்கியாடி?"

"யாரோ எனக்குத் தலை வாரிவிடுறாங்கப்பா. அம்மா மாதிரியே. ஆனா ரொம்ப இழுக்குறாங்க."

மொட்டைத் தலையில் வார என்ன இருக்கிறது?

கத்தியை எடுத்து ஒரு புரியை அறுத்தான். மாடியில் அலறல். அவன் விரலில் சூடாக ரத்தம்.

"அறுக்காதப்பா! ஐயோ, வலிக்குது!"

இரண்டு கையாலும் அச்சைப் பிடித்தான். உள்ளங்கைத் தோல் உரிந்தது. அச்சு நிற்கவில்லை.

"என் பொண்ணை விட்டுரு! நான்தானே எடுத்தேன்? என்னை எடுத்துக்கோ!"

மேலே ஏதோ விழுந்தது. இழுபட்டது. படிக்கட்டில் இறங்கியது.

வாசலில் முதலில் மிர்ட்டோவின் பின்னந்தலை தெரிந்தது. நீளக் கூந்தல். கழுத்து பின்னால் வளைந்திருந்தது. கால்கள் மட்டும் அந்த மரப்பெண்ணின் தாளத்துக்கு ஆடின.

"அப்பா... அறுத்துடுப்பா..."

கத்தியை ஓங்கினான். எங்கே வெட்டுவது?

கூந்தல் முழுவதும் அச்சில் ஏறி முடிந்தது.

இப்போது தோல் ஏறிக்கொண்டிருந்தது.