எட்டாவது தடத்தில் மௌனம்

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியில சேரணும்," என்றார் வந்தவர். "குரல்வளையை எடுக்கப் போறாங்க. அதுக்கப்புறம் ஒருத்தரைத் திட்டணும்னாக்கூட நான் எழுதித்தான் திட்டணும். அதனால இன்னைக்கே எனக்குத் தெரிஞ்சாகணும்."

அப்போது காலை பத்தரை மணி. தையல் கடைக்கு மேலே இருந்த அந்தச் சிறிய அறைக்குப் பதினெட்டுப் படிகள். அத்தனையும் ஏறி வந்த களைப்பில் அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். குரல், மரத்தில் உப்புத்தாள் தேய்ப்பது போலக் கரகரத்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் எதுவும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார். முப்பது வருடம் தீ விபத்துகளை ஆராய்ந்து, நிஜமாகப் பிடித்த தீ எது, வைத்த தீ எது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறையில் உட்கார்ந்து துப்பறியத் தொடங்கியும், எல்லோருக்கும் அவர் இன்சூரன்ஸ்காரர்தான். மனிதர்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டு அவர் முகத்தில் ஓர் அசதி படிந்திருந்தது. ஆனாலும் ஒவ்வொரு விஷயத்தைத் தொடங்கும்போதும், 'இன்றைக்கு நான் யாரையும் தவறாக நினைக்காமல் பார்த்துக்கொள்' என்று கடவுளிடம் ஒரு நொடி கேட்டுக்கொள்வார். இப்போதும் கேட்டுக்கொண்டார்.

மூலையில் இருந்த இரண்டாவது ஆள் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். அவர் இன்சூரன்ஸ்காரரின் மகளுக்கு மாமனார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வீட்டில் இருந்தால் மருமகள் காய்கறி நறுக்கச் சொல்கிறாள் என்று தினமும் இங்கே வந்துவிடுவார். துப்பறிவதில் அவருக்கு இருந்த ஆர்வம் இன்சூரன்ஸ்காரருக்கே கிடையாது.

"சம்பந்தி, இவர் யாருன்னு தெரியலையா? 'ரெண்டு நாற்காலி'. பாடகர் இவர், கிதார் இவரோட மச்சினர். பதினோரு வருஷத்துல அஞ்சு ஆல்பம். முதல்ல வந்தது 'மாடிப்படி', வெறும் கேசட். அப்புறம் 'குடை மறந்த நாள்'. மூணாவதும் நாலாவதும் அவ்வளவா ஓடல..."

"ஓடல," என்று பாடகரே ஒப்புக்கொண்டார்.

"அஞ்சாவது 'திரும்பும் பஸ்'. அதுல கடைசிப் பாட்டு, 'போய்ச் சேர்ந்ததும் சொல்'. அந்தப் பாட்டுக்கு அழாத ஆள் எங்க டெப்போவுலயே கிடையாது. அதோட ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சு."

"பிரியல. அவன் விட்டுட்டுப் போனான்," என்றார் பாடகர். "என் தங்கச்சியைக் கட்டினவன். பள்ளிக்கூடத்துல இருந்தே சிநேகிதன். 'எனக்குச் சலிச்சுப்போச்சு, இனி மேடை ஏற மாட்டேன்'னு ஒரு நாள் சொன்னான். காரணம் சொல்லல. நான் அந்த வீட்டுப் படி ஏறுறதை விட்டுட்டேன்."

இப்போது விஷயம் இதுதான். நாலு மாதம் முன்னால் ஒரு கம்பெனி அவர்களுடைய ஐந்து ஆல்பங்களையும் ஒரே தொகுப்பாக வெளியிடத் தீர்மானித்தது. கூடவே ஒரு தனித்தட்டில், ஒவ்வொரு பாட்டிலும் பாடகரின் குரலை மட்டும், ஒலிப்பதிவு அறையில் பாடியபடியே பிரித்துத் தருவதாகவும் இருவருக்கும் கடிதம் எழுதியது. போன வாரம் மூல நாடாக்களை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசிப் பாட்டில் பாடகரின் குரல் இல்லை. யாரோ அழித்துவிட்டார்கள்.

"என் குரல் தனியா வெளிய வரப்போகுதுன்னதும் அவனுக்குப் பொறுக்கல. என் வாழ்க்கையிலயே நான் உருப்படியாப் பாடினது அந்த ஒரு பாட்டு. அதைப் போய்..." பாடகர் தண்ணீரைக் குடித்தார். விழுங்குவதற்கே சிரமப்பட்டார். "அவன்தான்னா, இருக்கற குரல்ல நேர்ல போய் நாலு வார்த்தை கேட்கணும். அவன் இல்லன்னா, ஆறு வருஷம் மனசுக்குள்ள திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்கணும். ரெண்டையும் நாளைக்குச் செய்ய முடியாது."

*

மூல நாடாக்கள் இருந்த கிடங்கும் பழைய ஒலிப்பதிவு அறையும் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஐந்து ஆல்பங்களையும் பதிவு செய்த ரெக்கார்டிஸ்ட்தான் இப்போது கிடங்குக்கும் காவல். ஒல்லியான மனிதர். பாடகரைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

"இந்த நாடாவுல எட்டுத் தடம் இருக்கு சார்," என்று இன்சூரன்ஸ்காரருக்கு விளக்கினார். "ரோட்டுல எட்டு வண்டி பக்கத்துப் பக்கத்துல போற மாதிரி. டிரம்ஸ் ரெண்டு தடம், கிதார் ரெண்டு, இப்படி. எட்டாவது தடம் இவரோட குரல். மத்ததைத் தொடாம ஒண்ணை மட்டும் அழிக்கலாம்."

ஓட்டிக் காட்டினார். கிதார் வந்தது, டிரம்ஸ் வந்தது, கிதார்காரர் துணைக்குப் பாடிய இரண்டாவது குரல் மெல்ல வந்தது. எட்டாவது தடத்தில் ஒன்றுமில்லை.

"கிடங்குல இருந்து இதை யார் எடுத்தாங்க?"

ரெக்கார்டிஸ்ட் பதிவேட்டைத் திருப்பினார். மூன்று மாதம் முன்னால், கிதார்காரரின் கையெழுத்து. ஒரு மணி நேரம். "நான் டீ குடிக்கப் போயிருந்தேன்," என்றார் கேட்காமலே.

"முடிஞ்சுபோச்சு சம்பந்தி," என்றார் கண்டக்டர். "டிக்கெட் எடுக்காத ஆள் கையும் களவுமா மாட்டின மாதிரி."

"மத்த பாட்டுல இவர் குரல் இருக்கா?" என்று கேட்டார் இன்சூரன்ஸ்காரர்.

"நாப்பத்தி ஏழு பாட்டு. நாப்பத்தி ஆறுல பத்திரமா இருக்கு."

"அதுதான் நல்ல பாட்டு, அதனால அதை அழிச்சிருக்கான்," என்றார் பாடகர்.

இன்சூரன்ஸ்காரர் நாடாப் பெட்டிகளைத் திறந்தார். உள்ளே பென்சிலால் எழுதிய தாள்கள் இருந்தன. எந்தத் தடத்தில் என்ன, பாடகர் எத்தனை முறை பாடிய பிறகு சரியாக வந்தது என்ற குறிப்புகள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு முறை. ஒன்பது முறை. எட்டு முறை. கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஒரே முறை.

"ஏழு தரத்துக்குக் குறைஞ்சு இவரை நீங்க விட்டதே இல்ல போலிருக்கு?"

"எங்க விடுவார்," என்றார் பாடகர். "பிழிஞ்சு எடுத்துடுவார். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். தொண்டை வேற கட்டியிருந்தது. ஒரு தடவை பாடினதுமே 'பிரமாதம், வீட்டுக்குப் போய்ப் படுங்க'ன்னு அனுப்பிட்டார். ரெண்டு மாசம் கழிச்சு ஆல்பத்தைக் கேட்டா எனக்கே நம்ப முடியல. நல்லா வந்திருக்குன்னு நாலு பேர் சொல்லும்போது ஏன்னு யார் விசாரிக்கப் போறா?"

கண்டக்டர் தன் பையிலிருந்து 'திரும்பும் பஸ்' தட்டை எடுத்தார். வரும் வழியிலேயே வீட்டு வாசலில் காரை நிறுத்தி எடுத்து வந்திருந்தார். "கடைசி வரியைக் கேளுங்க சம்பந்தி. எல்லா வாத்தியமும் நின்னுடும். இவர் குரல் மட்டும். அதுக்கு அடியில யாரோ டிரம்ஸ் குச்சியை லேசாத் தட்டிக்கிட்டே இருப்பாங்க. கேட்டாப் புல்லரிக்கும்."

மூன்று முறை கேட்டார்கள். சீரான தட்டல் இல்லை அது. இரண்டு தட்டு நெருக்கமாக, பிறகு சிறு இடைவெளி, மறுபடி இரண்டு. ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கும் ஒருவரின் காலடி போல.

"இதே இடத்தை மூல நாடாவுல போடுங்க. டிரம்ஸ் தடம் மட்டும்," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

அங்கே டிரம்ஸ் தடம் அமைதியாக இருந்தது. ஒவ்வொரு தடமாகப் போடச் சொன்னார். எதிலும் அந்தத் தட்டல் இல்லை. பாடகர் நின்று பாடும் சிறு அறைக்குள் போய்ப் பார்த்தார். சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை. கதவைச் சாத்தினால் தன் இதயம் துடிப்பதுதான் கேட்டது.

வெளியே வந்து ரெக்கார்டிஸ்ட்டின் தோளில் கை வைத்தார். "காய்ச்சல்ல இருந்த மனுஷனை ஒரே தரத்துல ஏன் விட்டீங்க?"

"என்னை ஒண்ணும் கேட்காதீங்க சார்," என்றார் அவர். கண் கலங்கியிருந்தது. "ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சரி, கேட்கல. நீங்க வாக்கைக் காப்பாத்துங்க."

*

கிதார்காரரின் வீடு ஒரு சந்தின் முனையில், மாடிப் போர்ஷன். பாடகர் காரை விட்டு இறங்க மறுத்துவிட்டார். மற்ற இருவரும் மேலே போனார்கள்.

கதவைத் திறந்தது பாடகரின் தங்கை. யார், என்ன என்று கேட்டுக்கொண்ட பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி, "அண்ணன் சாப்பிடறாரா? விழுங்க முடியுதா?" என்பதுதான். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு சொல்லி அனுப்பிச்சேன். வரக் கூடாதுன்னுட்டார்."

கிதார்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து யாருடைய கிதாருக்கோ கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நான்தான் அழிச்சேன். எழுதிக்குங்க. காரணம் சொல்ல மாட்டேன். அவன் என்ன நினைக்கிறானோ நினைச்சுக்கட்டும்."

கண்டக்டருக்கு முகம் சுண்டிப்போயிற்று. குற்றவாளி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வதில் அவருக்கு உடன்பாடில்லை.

இன்சூரன்ஸ்காரர் அறையைப் பார்த்தார். சமையலறை வாசலுக்கு மேலே பழைய பெண்டுலம் கடிகாரம் ஒன்று, நாலு பத்தில் நின்றிருந்தது. லேசாக இடது பக்கம் சாய்ந்து தொங்கியது.

"ஓடறதில்லையாம்மா?"

"ஆறு வருஷமாச் சாவி குடுக்கறதில்ல. அந்தச் சத்தம் கேட்டா இவருக்கு ஆகாது," என்றாள் தங்கை. "முன்னாடி ரெண்டு பேரும் அதுக்குக் கீழே உட்கார்ந்துதான் பாடிப் பார்ப்பாங்க. தாளம் போட ஆள் கிடையாது, கடிகாரம்தான் தாளம். அண்ணன் நடந்துக்கிட்டே தனியாப் பாடுவார். இவர் அதைக் கேசட்ல பிடிச்சு வெச்சுக்கிட்டு, ரெண்டாவது குரலை அப்புறமாப் பழகுவார்."

இன்சூரன்ஸ்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"அதைத் தொடாதீங்க," என்றார் கிதார்காரர். முதல் முறையாக நிமிர்ந்தார்.

சாவி திரும்பியது. பெண்டுலம் அசைந்தது. இரண்டு தட்டு நெருக்கமாக, ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு.

"சம்பந்தி," என்றார் கண்டக்டர் மெதுவாக, "இது அந்தக் கடைசி வரி."

"போய் அவரைக் கூட்டிட்டு வாங்க. மெதுவா ஏறச் சொல்லுங்க."

*

பாடகர் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு வீடு எரிஞ்சா, அதுல எது மட்டும் இல்லாமப் போச்சுன்னு பார்க்கறதுதான் என் பழக்கம்," என்று தொடங்கினார் இன்சூரன்ஸ்காரர். "பாட்டு ஆயிரக்கணக்கான வீட்டுல தட்டா இருக்கு. அதை யாராலயும் அழிக்க முடியாது. உங்க மேல பொறாமை இருந்தா இன்னும் பத்துப் பாட்டையாவது அழிச்சிருக்கலாம், ஒரு மணி நேரம் இருந்தது. இவர் தொட்டது ஒண்ணே ஒண்ணு. காய்ச்சல்ல நீங்க பாடின அந்த ஒரே தரம். அது மட்டும்தான் இப்ப உலகத்துல இல்ல."

"அதுதானே தட்டுல வந்தது?"

"இல்லீங்க. தட்டுல உங்க குரலுக்கு அடியில இந்தக் கடிகாரம் ஓடுது. மூல நாடாவுல எந்தத் தடத்துலயும் அது கிடையாது. அப்படின்னா அது உங்க குரலோடவே ஒட்டிக்கிட்டு வந்தது. பஞ்சு வெச்ச அறையில கடிகாரம் ஏது? ஆல்பத்துல இருக்கற உங்க குரல் இந்த வீட்டுல, இந்தக் கடிகாரத்துக்குக் கீழே பாடினது. பழகறதுக்காக இவர் பிடிச்சு வெச்ச கேசட். அன்னைக்கு நீங்க பாடினது உதவல. உங்களைத் திரும்பத் திரும்பப் பாட வைக்க இவங்களுக்கு மனசும் வரல. பிரமாதம்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டு, கேசட்ல இருந்ததை வரிவரியா எடுத்து, கடைசியா எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்க்கும்போது வெச்சுட்டாங்க. பாட்டோட வேகமே கடிகாரத்தோட வேகம், அதனால பொருந்திப்போச்சு. மத்த இடத்துல டிரம்ஸ் சத்தம் இதை மூடிடுச்சு. கடைசி வரியில மட்டும் மூட ஒண்ணும் இல்ல. உங்க சொந்தக் குரல்தான் அது. வேற யாரும் பாடல."

பாடகர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மாசம் முன்னாடி அந்தக் கடிதம் வந்தது," என்று முடித்தார் இன்சூரன்ஸ்காரர். "குரலைத் தனியா, பாடினபடியே வெளியிடப் போறோம்னு. அப்ப எட்டாவது தடத்துல இருந்தது வெளிய வந்திருக்கும். ஊரே கேட்டிருக்கும். நீங்களும் கேட்டிருப்பீங்க."

பாடகர் கிதார்காரரைப் பார்த்தார். "மாப்ளே. அவ்வளவு மோசமாவா இருந்தது?"

கிதார்காரர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மோசம் மச்சான்."

"மேடையை விட்டது?"

"அது வெறும் காய்ச்சல் இல்லன்னு அடுத்த ரெண்டு கச்சேரியில தெரிஞ்சுபோச்சு. மேல் சுரத்துல உடைஞ்சுது. இன்னும் நாலு மேடை ஏறினா ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சிருப்பாங்க. எனக்குச் சலிச்சுப்போச்சுன்னு சொன்னா, நீ ஒருத்தன்தானே என்னை வெறுப்பே. பரவாயில்லன்னு தோணுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"எப்படிடா சொல்லுவேன்? அந்தப் பாட்டைக் கேட்டுட்டு நீ குழந்தை மாதிரிச் சிரிச்சே."

இன்சூரன்ஸ்காரர் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தார். கெட்டதை ஒளித்தவர்களை முப்பது வருடத்தில் ஏராளமாகப் பார்த்திருக்கிறார். நல்லதை இவ்வளவு பிடிவாதமாக ஒளித்த ஒருவரை இப்போதுதான் பார்க்கிறார். நெஞ்சு நிறைந்தது, கனக்கவும் செய்தது.

"தம்பி," என்றார் கிதார்காரரிடம், "நீங்க செஞ்சது பெரிய மனசு. ஆனா அவருக்கும் சேர்த்து நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. ஆறு வருஷம் ரெண்டு பேருக்குமே போச்சு. அதையும் சொல்லித்தான் ஆகணும்."

"தெரியும் சார்," என்றார் அவர். "ராத்திரி பகலாத் தெரியும். மச்சான், அன்னைக்கே சொல்லியிருந்தா, டாக்டர்கிட்ட அப்பவே போயிருந்தா..."

"இல்லடா. இது இந்த வருஷம் வந்ததுன்னுதான் டாக்டர் சொன்னார். அதையும் இழுத்துத் தலையில போட்டுக்காதே." பாடகர் செருப்பைக் கழற்றினார். ஆறு வருடம் கழித்து அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்து, கிதார்காரரின் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். "முட்டாள். வடிகட்டின முட்டாள். உன்னை எப்படித் திட்டணும்னு ஒரு வாரமா யோசிச்சு வெச்சிருந்தேன். எல்லாத்தையும் வீணாக்கிட்டியே."

"அண்ணா, பேசவே கூடாதுன்னாராமே டாக்டர்," என்றாள் தங்கை.

"அது நாளையிலிருந்து," என்றார் பாடகர். "நீ சாதத்தைக் குழைய வை. இவன்கிட்ட எனக்கு நிறையப் பேசணும்."

கிதார்காரர் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்போது மணி இரண்டுதான் ஆகியிருந்தது.

இன்சூரன்ஸ்காரர் சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினார். பாதிப் படியில் கண்டக்டர் நின்றுவிட்டார். மேலே கரகரத்த குரல் ஏதோ சொல்ல, இன்னொரு குரல் சிரித்தது.

"ஒரு நிமிஷம் சம்பந்தி. ஆறு வருஷத்துக் கதை. என்னதான் பேசிக்கிறாங்கன்னு..."

"அதைக் கண்டுபிடிக்கச் சொல்லி நம்மகிட்ட யாரும் வரலையே," என்ற இன்சூரன்ஸ்காரர், அவருடைய முழங்கையைப் பிடித்து அடுத்த படிக்கு இறக்கினார்.