காந்தம் ஒட்டாத தகடு

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ‘குடைச்சல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நன்றாக ஓடுகிற கடிகாரத்தையும், ஏன் ஓடுகிறது என்று திறந்து பார்க்கிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? வயது பதினொன்று.

அவளுக்கு ஒரு தம்பி. வயது ஏழு. வாய் ஓயவே ஓயாது. கை மட்டும் சொன்ன பேச்சு கேட்காது. பிறந்ததிலிருந்தே அது நடுங்கும். பென்சில் பிடித்தால் கோடு தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விடும்.

திங்கட்கிழமை என்றால் அவன் வகுப்பில் டிக்டேஷன். டீச்சர் பத்துச் சொல் சொல்வார், பிள்ளைகள் எழுதுவார்கள்.

“நீ சும்மா கேட்டுக்கிட்டு இரு, கண்ணா” என்று டீச்சர் அவனிடம் அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்தச் ‘சும்மா’ அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு திங்கட்கிழமை வீட்டுக்கு வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அழுதான். குடைச்சல் கத்தரியை எடுத்தாள்.

அட்டையில் எழுத்துகளை வெட்டினாள். இருநூற்று நாற்பத்தேழையும் வெட்ட யாரால் முடியும்? அவன் பாடத்தில் வருகிறவற்றை மட்டும் வெட்டினாள். டீச்சரும் ஒப்புக்கொண்டார். “அடுக்கிக் காட்டினாப் போதும், நான் திருத்திடுறேன்” என்றார்.

வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். மூன்றாவது எழுத்தை வைக்கும்போது தம்பியின் கை பட்டு முதல் எழுத்து தரைக்குப் போனது. எத்தனை முறை வைத்தாலும் அதே கதைதான்.

பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் காந்தப்பட்டை இருப்பது குடைச்சலுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒன்றைக் குடைந்து பார்த்தவள்தானே. சனிக்கிழமை அந்தப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, எழுத்துகளின் முதுகில் ஒட்டிக் காயவைத்தாள். இனி ஒரு தகடு வேண்டும். அது துருப்பிடிக்காத எவர்சில்வராக இருக்க வேண்டும். மேசையில் தம்பி தண்ணீர் கொட்டாத நாளே கிடையாது.

பழைய இரும்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்.

“இது ஒட்டிச்சுன்னா மட்டம். ஒட்டலன்னா அசல் எவர்சில்வர். இந்த விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது” என்றார்.

குடைச்சல் அந்தக் காந்தத்தை வாங்கிக்கொண்டு குவியல் முழுவதையும் சோதித்தாள். ஒட்டியதையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். தம்பிக்குப் போய் மட்டமான சரக்கா? கடைசியில் ஓர் உடைந்த சிங்க்கின் ஓரத்தில் தட்டையான பகுதி கிடைத்தது. காந்தம் சீண்டவே இல்லை. கடைக்காரர் அதைச் சதுரமாக வெட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு முழுக்க அரம் வைத்துத் தேய்த்தாள். விரல் ஓட்டினால் கீறாத அளவுக்கு ஓரம் வழவழப்பானது. கை வலி சொல்லி மாளாது. சாயங்காலம் தகட்டை நிமிர்த்தி வைத்து, ‘அ’ என்ற எழுத்தை ஒட்டினாள்.

‘அ’ விழுந்தது. ‘க’ வைத்தாள். அதுவும் விழுந்தது.

“அக்கா, எழுத்துக்கெல்லாம் நிக்கத் தெரியல போல” என்றான் தம்பி.

“பசை காயலையோ என்னமோ” என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

குடைச்சல் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒட்டாததைத் தேடித் தேடி எடுத்து வந்தது சாட்சாத் அவளேதான். வேறு யாரைத் திட்டுவது? நாளைக்குத் திங்கட்கிழமை.

ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். தட்டு, டம்ளர், கரண்டி என ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் கைவிட்டன. பெரிய பாத்திரத்தின் மூடியில் வைத்தாள். கப்பென்று பிடித்துக்கொண்டது.

“அம்மா, இந்த மூடி எவர்சில்வரா?”

“பின்னே? நீ பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கினது. தினம் தண்ணியிலதான் கிடக்கு, பொட்டுத் துரு கிடையாது.”

“அப்ப இது மட்டமில்லையே” என்றாள் குடைச்சல். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் தகட்டோடு ஓடினாள்.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்.

“மாமா, இதை வெச்சுக்கிட்டு காந்தம் ஒட்டுற எவர்சில்வர் ஒண்ணு குடுங்க.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “நல்லதைக் குடுத்துட்டு மட்டத்தைக் கேக்குறியே. மண்டையில ஏதும் அடிபட்டுச்சா?”

“தம்பிக்கு ஒட்டுறதுதான் மாமா நல்லது” என்று சொல்லி, பையிலிருந்த எழுத்தை எடுத்தாள். குவியலில் கிடந்த எவர்சில்வர் ஃப்ரிட்ஜ் கதவுத் தகட்டில் வைத்தாள். அது நின்றது. தகட்டை ஆட்டினாள். அப்போதும் நின்றது.

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். பிறகு ஷட்டரை மறுபடி தூக்கிவிட்டு வெட்டுக்கத்தரியை எடுத்தார்.

“ஓரம் கத்தி மாதிரி இருக்குமே. தேய்க்க உனக்கு நேரம் ஏது?”

குடைச்சல் சுற்றிலும் பார்த்தாள். மூலையில் பழைய சைக்கிள் டியூப் கிடந்தது. அதை நீளவாக்கில் கீறி, தகட்டின் நான்கு ஓரங்களிலும் செருகி, பசை வைத்து அழுத்தினாள். முழு நாள் வேலை அரை மணியில் முடிந்தது.

“இது எனக்குத் தோணலையே” என்றார் கடைக்காரர்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவும் குடைச்சலும் வாசலில் நின்றார்கள். தம்பி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான். கையில் ஒரு சீட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் அடுக்கியதை டீச்சர் அப்படியே அதில் எழுதித் திருத்தியிருந்தார். எட்டு சரி. இரண்டின்மேல் சிவப்புப் பேனாவால் பெரிய பெருக்கல் குறி.

அவன் சரியான எட்டைக் காட்டவே இல்லை.

“அக்கா, இங்க பாரு” என்றான், முகமெல்லாம் பல்லாக. “டீச்சர் எனக்கும் தப்புப் போட்டுட்டாங்க.”