டவாலி கூப்பிட்ட பெயர்

எங்கள் தீவுக்கு ஹைகோர்ட் கப்பலில் வந்தது.

காலை வெயில் ஏறுவதற்குள் படகுகள் பவளப்பாறை இடுக்கில் நுழைந்து ஒவ்வொன்றாகக் கரை தட்டின. முதல் படகில் ஜட்ஜ் துரை குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். அடுத்ததில் ராணியின் சின்னம் செதுக்கிய பலகையும் பெட்டிகளும். கடைசிப் படகில் பளபளவென்று தேய்த்த மரக்கூண்டு ஒன்று. சாட்சி சொல்பவர் அதற்குள் ஏறி, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்ய வேண்டுமாம்.

"பன்னிக்கூண்டு வருது, பன்னியக் காணமே?" என்றாள் கரையில் நின்ற ஒருத்தி.

"குடையோட முன்னாடியே இறங்கிருச்சுடி!"

தண்ணீரில் முழங்கால் வரை நின்றுகொண்டு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

அதுவரை எங்கள் வழக்குகளை ஊர் மண்டபத்தில் பாய் விரித்துப் பேசித் தீர்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் கத்துவோம், மூன்றாம் நாள் மீன் சுட்டுச் சேர்ந்து தின்போம். இனி நிலம், கல்யாணம், சாவு மூன்றிலும் கடைசிச் சொல் ஹைகோர்ட்டுடையது, வருடத்துக்கு ஒரு முறை அது கப்பலில் வந்து போகும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதற்காக நாங்களே பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, காயலுக்கும் கடலுக்கும் நடுவில் சுவர் எழுப்பி, தகரக் கூரை போட்டோம். வெள்ளை வெளேரென்று நின்றது. சுண்ணாம்பு வாசனை இன்னும் போகவில்லை.

கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி வேலை போலீஸ்காரர் தபுயாவுக்குக் கிடைத்தது. தீவிலேயே பெரிய குரல் அவருடையது. தோளில் சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, காயலோரம் நடந்து காட்டினார். அவருடைய தங்கை தெவேயா மட்டும் அன்று சிரிக்கவில்லை. கோர்ட்டில் முதல் வழக்கு அவளுடையது.

அவள் புருஷன் கபுரோரோ எட்டு வருடம் முன்பு சூரை மீனுக்குப் போனவன். ஓடம் மட்டும் தெற்கே வேறொரு தீவின் பாறையில் கவிழ்ந்து கிடந்தது. செத்தவனுக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் செய்தோம். மூன்று சாயங்காலம் எல்லோரும் கம்பு எடுத்துத் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனை வரை மணலை அடித்துக்கொண்டே போனோம். திரும்பிப் பார்க்காமல் வடக்கே போ, வழி அதுதான் என்று சொல்லிச் சொல்லி அடித்தோம். பாதிரியார் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். அன்றிலிருந்து அவன் பெயரை யாரும் வாயால் சொன்னதில்லை. அவன் பெண்கள் இரண்டும் 'அப்பா' என்று மட்டும்தான் சொல்லும்.

போனவன் வழியில் தன் பெயர் காதில் விழுந்தால் திரும்பிவிடுவான்.

பிறகு அவன் பெரியப்பா மகன் பவுரோ, சேம்புக் குழியையும் தென்னந்தோப்பையும் வளைத்துப் போட்டான். "அவன் செத்ததைப் பாத்தது யாரு? வந்து கேக்கட்டும், குடுத்துர்றேன்" என்பான். தெவேயாவும் பெண்களும் அண்ணன் வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். புருஷன் இறந்துவிட்டான் என்று ஹைகோர்ட் சொன்னால் நிலம் பெண்களுக்கு வந்துவிடும். அதைக் கேட்டுத்தான் மனு போட்டிருந்தாள்.

கோர்ட் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஜட்ஜின் பேச்சைப் பெயர்த்துச் சொல்ல வந்திருந்த தியோத்தி தபுயாவைத் தனியே கூப்பிட்டார். தியோத்தி எங்கள் ஆள்தான், தலைமைத் தீவில் படித்தவர்.

"தபுயா, மொதல்ல நீ வாசல்ல நின்னு அவன் பேரை மூணு தடவை கூப்பிடணும்."

"யார் பேரை?"

தியோத்தி தெவேயா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். தபுயாவுக்குப் புரிந்துவிட்டது.

"விளையாடாதீங்க. அவனை நாங்க அனுப்பியாச்சு."

"தெரியும். நானும் துரைகிட்ட சொல்லிப் பாத்தேன்."

தபுயா சிவப்புப் பட்டையோடு நேராக ஜட்ஜிடம் போய் நின்றார். ஜட்ஜ் நல்ல மனிதர். வெயிலில் முகம் சிவந்து, இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னதைத் தியோத்தி மெல்லப் பெயர்த்தார்.

"பயப்படாதேங்கறார். இது சும்மா ஒரு முறைதானாம். ஒரு மனுஷனைச் செத்துட்டான்னு எழுதறதுக்கு முன்னாடி, இருக்கேன்னு சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்பு குடுக்கணுமாம். அது நியாயமில்லையாங்கறார்."

வெளியே தாழை மரத்தடியில் தெவேயா நின்றிருந்தாள்.

"கூப்பிடத்தான் வேணுமாண்ணே?"

"வேணாம்னு சொல்லு. மனுவைத் திருப்பி வாங்கிக்கலாம்."

அவள் பெண்களைப் பார்த்தாள். பெரியவளுக்குக் கல்யாண வயது. கையில் ஒரு குழிச் சேம்புகூட இல்லாதவளை எந்த வீட்டில் எடுப்பார்கள்?

"மெதுவாக் கூப்பிடுண்ணே" என்றாள். "அவருக்குக் கேக்காத மாதிரி."

கோர்ட்டுக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது. ஜட்ஜ் தலையில் வெள்ளை மயிர்த்தொப்பி. பக்கத்தில் காலிக் கூண்டு. பவுரோ முன்வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தான். தபுயா வாசலில் கடலைப் பார்த்து நின்றார்.

"தெபாகா மகன் கபுரோரோ! ராணியின் பேரால் கூப்பிடுகிறோம். எங்கிருந்தாலும் வந்து பதில் சொல்!"

மெதுவாகத்தான் கூப்பிட நினைத்தார். அந்தக் குரலுக்கு மெதுவாக வரத் தெரியவில்லை. அது தண்ணீர்மேல் போய்க்கொண்டே இருந்தது.

தென்னை ஓலைகளின் சலசலப்பு நின்றது.

இரண்டாம் முறை கூப்பிட்டார்.

கோர்ட் நிழலில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. குரைக்கவில்லை. வாலை இடுக்கிக்கொண்டு வரிசையாகத் தோப்புக்குள் போய்விட்டன. பாறையில் அலை உடையும் ஓசை பிறந்ததிலிருந்து எங்கள் காதில் விழுந்துகொண்டே இருப்பது. அப்போது அது கேட்கவில்லை.

தபுயா திரும்பி ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் தலையசைத்தார். ம், நடக்கட்டும்.

மூன்றாம் முறை.

முதலில் வாசனைதான் வந்தது. வெகுநாள் தண்ணீரில் ஊறிய தேங்காய்நார்க் கயிற்றின் வாசனை. புதுச் சுண்ணாம்பின் நெடியை அது அப்படியே மூடிவிட்டது.

பிறகு குரல்.

"இருக்கேன்."

வாசலிலிருந்து வரவில்லை. வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்த எங்களுக்குப் பின்னாலிருந்து, கூண்டுக்குள்ளிருந்து வந்தது. நீண்ட தூரம் நீந்தி வந்தவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வதுபோல.

ஊரே தலையைக் குனிந்துகொண்டது. யாரும் கூண்டைப் பார்க்கவில்லை. தெவேயா மட்டும் பார்த்தாள். பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். பவுரோவின் விசிறி கீழே விழுந்தது.

ஜட்ஜ் பேனாவை மையில் தோய்த்தார். தியோத்தியிடம் ஏதோ கேட்டார்.

தியோத்தி தபுயா பக்கம் திரும்பினார். "பதில் வரலைன்னு எழுதிக்கலாமான்னு கேக்கறார், தபுயா."

தபுயா சத்தியப் பிரமாணம் எடுத்து டவாலியானவர். பதில் வந்தது என்று சொன்னால் தங்கைக்கு நிலம் கிடைக்காது. வரவில்லை என்றால், தானே கூப்பிட்டு வரவழைத்தவனை வரவில்லை என்று சொன்னதாகும்.

"வந்திருக்கான்" என்றார்.

"எங்கே?"

தபுயா கூண்டைக் காட்டினார். ஜட்ஜ் எட்டிப் பார்த்தார். எழுந்து வந்து, கூண்டின் மரச்சட்டத்தில் கைவைத்தே பார்த்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தார். கேலி செய்யவில்லை. துக்க வீட்டில் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"உன் வருத்தம் புரியுதுங்கறார். ஆனா கோர்ட்டுக்கு முன்னாடி யாரும் இல்லை. அதைத்தான் எழுத முடியுமாம்."

"சரி, எழுதட்டும். ஆனா அவனைப் போகச் சொல்லிட்டு எழுதச் சொல்லுங்க. ராணி பேரால கூப்பிட்டாச்சு. நான் அனுப்பினா போக மாட்டான். இவர்தான் அனுப்பணும். ஒரு வார்த்தை போதும்."

தியோத்தி பெயர்த்தார். ஜட்ஜ் வெகுநேரம் யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வராத ஆளைப் போகச் சொல்ல கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாதாம், தபுயா."

பேனா ஓடியது. கபுரோரோ இறந்துவிட்டான். தோப்பும் குழியும் பெண்களுக்கு. மேசைமேல் சுத்தியல் விழுந்தது. கூண்டுக்குள் யாரோ கால் மாற்றி நிற்பதுபோல் பலகை கிறீச்சிட்டது.

மற்ற வழக்குகளையும் முடித்துக்கொண்டு மறுநாள் ஜட்ஜ் கிளம்பினார். கூண்டும் பலகையும் அடுத்த வருடத்துக்கென்று கோர்ட்டிலேயே இருந்தன. பவுரோ யாரும் சொல்லாமலே தோப்பைக் காலி செய்துவிட்டான். நிலம் வந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது.

நாங்கள் மறுபடி கம்பு எடுத்தோம். இந்த முறை பாதிரியாரும் வேதப் புத்தகத்தோடு கூடவே வந்தார். கோர்ட்டைச் சுற்றி மணலை அடித்தோம். போ, வடக்கே போ, திரும்பாதே. கை வீங்கும்வரை அடித்தோம்.

ஒவ்வொரு அடிக்கும் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இருக்கேன்."

"இருக்கேன்."

கோபமே இல்லாத குரல். அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கம்பைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

தெவேயா மட்டும் உள்ளே போனாள். யார் தடுத்தும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் பாவாடையின் கீழ்விளிம்பு நனைந்திருந்தது.

"என்ன சொல்றான்?" என்று தபுயா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலைண்ணே. எப்ப விடுவாங்கன்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்னே?"

"தெரியலைன்னேன். வேற என்ன சொல்ல?"

அன்றிலிருந்து நண்பகலில் தோப்பு வேலை முடித்துவிட்டு கோர்ட்டுக்குப் போவாள். கூண்டுக்கு எதிரே தாழம்பாயை விரித்து உட்காருவாள். பெண்களைப் பற்றிச் சொல்வாள், மீன் பாடு பற்றிச் சொல்வாள். வெளியே போகிறவர்களுக்கு அவள் குரல் மட்டும் கேட்கும். நடுநடுவே அவள் நிறுத்தி, கேட்டுக்கொண்டிருப்பதும் தெரியும். பெரியவளைப் பெண் கேட்டு இரண்டு வீட்டிலிருந்து வந்தார்கள். அம்மா பகலெல்லாம் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்ததும் போய்விட்டார்கள்.

தபுயாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தியோத்தி கப்பலேறுவதற்கு முன் அவரிடமிருந்து இரண்டு ஆங்கிலச் சொற்களைக் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார். சாட்சி சொல்லி முடித்தவனிடம், நீ போகலாம் என்று ஜட்ஜ் சொல்லும் சொற்கள் அவை. ஒரு மத்தியானம் தெவேயாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஜட்ஜின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சுத்தியலுக்குப் பதிலாக ஒரு பவளக்கல்லை எடுத்து மேசையில் தட்டினார். தன் பெரிய குரலை எல்லாம் திரட்டி அந்தச் சொற்களைச் சொன்னார்.

கயிற்று வாசனை இன்னும் கனமாயிற்று.

கூண்டிலிருந்து குரல் வந்தது. அதில் ஒரு சங்கடம் இருந்தது, பெரியவர் ஒருவர் ஏதோ தப்பு செய்வதைப் பார்த்துவிட்டதுபோல.

"நீ டவாலிதானே, மச்சான்."

தபுயா நாற்காலியிலிருந்து இறங்கி, முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார். "தெரியாமக் கூப்பிட்டுட்டேன் மாப்ள, நான் என்ன செய்வேன்" என்று அவர் சொன்னது வாசலில் நின்ற தெவேயாவுக்குக் கேட்டது.

அடுத்த வருடக் கப்பலுக்காக நாங்கள் காத்திருந்தோம். புது ஜட்ஜிடம் என்ன சொல்வது, யார் சொல்வது என்று மண்டபத்தில் உட்கார்ந்து பேசிப் பேசி முடிவு செய்தோம். நிலத்தைத் திருப்பிக் கொடுக்கிறேன், தீர்ப்பை மாற்றி எழுதட்டும் என்று தெவேயா சொல்லிவிட்டாள். பவுரோகூட, "எனக்கு வேணாம், ஆனா நானும் வந்து கேக்கறேன்" என்றான்.

கப்பல் வந்தது. ஜட்ஜ் வரவில்லை.

சின்னத் தீவுகளில் வழக்கு குறைவு, இனி ஹைகோர்ட் தலைமைத் தீவில் மட்டும்தான் நடக்கும் என்று கப்பலில் வந்த கணக்கப்பிள்ளை சொன்னான். சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தான். முடிந்துபோன வழக்கைப் பற்றித் தபுயா பேச ஆரம்பித்தபோது, "எனக்கு அதெல்லாம் தெரியாது பெரியவரே, மேசை எங்க இருக்கு, அதச் சொல்லுங்க" என்றான்.

ராணியின் பலகை போனது. மேசையும் நாற்காலியும் போயின. கடைசியில் நாலு பேர் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றினார்கள். பாரம் தாங்காமல் தடுமாறுவார்கள் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். பூப்போலத் தூக்கிப் போனார்கள்.

படகு கிளம்பியது. தெவேயா கழுத்தளவு தண்ணீர் வரை கூடவே போய் நின்றாள். அவனும் போகிறானா, போனால் அங்கே யாராவது அவனை அனுப்பி வைப்பார்களா, அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. கடைசி ஆளும் கரைக்கு வந்தாயிற்று. கோர்ட்டு காலி. நாலு சுவரும் தகரமும்தான்.

துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தவன் வேறு தீவுக்காரன். எங்கள் கதை எதுவும் தெரியாதவன். பாறை இடுக்கை நெருங்கும்போது துடுப்பை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்துக் கூவினான்.

"ஏய், அங்க ஒருத்தரை விட்டுட்டு வந்துட்டோம் போலருக்கே!"

"யாரை?" என்று தபுயா கத்தினார்.

"கோர்ட்டுக்குள்ள நடுவுல நிக்கறாரே! வலது கையைத் தூக்கிக்கிட்டு!"

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். திறந்த வாசலுக்குள் இருட்டுதான் தெரிந்தது.

படகுக்காரன் தனக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி தன் கையையும் உயர்த்தி ஆட்டினான்.