பத்து நிமிடம் பிந்தும் பெட்டி

அப்பா இறந்த பிறகு, கோலா கெத்தில் ஊரிலிருந்த அவர்கள் வீட்டில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் அம்மா அழுவார் என்று மோகனாவுக்குப் பயம். மோகனா அழுவாள் என்று அம்மாவுக்குப் பயம்.

அப்பாவின் பழைய கணினி மட்டும் மூலையில் கிடந்தது. டிவியில் மாட்டி ஓட்டுகிற தடித்த பெட்டி அது.

"சும்மா எடத்த அடைச்சிக்கிட்டு கெடக்கு. சனிக்கிழம பழைய சாமான் லோரி வரும், போட்டுடலாம்லா," என்றார் அம்மா, அதைப் பார்க்காமலே.

மோகனா ஓடிவந்து பெட்டியை மறைத்து நின்றாள். "போடாதீங்கம்மா! நான் அத கடிகாரமா மாத்துறேன்."

வீட்டுக்குக் கடிகாரம் தேவைதான். சுவர்க் கடிகாரத்துக்குள் பல்லி குடித்தனம் நடத்தியதில் அது நின்றே போயிருந்தது. அம்மாவின் கைப்பேசியோ பழுதுபார்க்கும் கடையில் கிடந்தது.

அப்பாவின் கணினிப் புத்தகத்தைப் பார்த்து வரி வரியாகத் தட்டினாள். கணினிக்குள் எண்ணிக்கை ஒன்று ஓடுமாம். அறுபது எண்ணினால் ஒரு விநாடி. இரவு வானொலிச் செய்தி தொடங்கியதும் கடிகாரத்தை ஓடவிட்டாள்.

விடியற்காலையில் அம்மா திரையைப் பார்த்தார். நிறைய நேரம் இருந்தது. நிதானமாகச் சமைத்துவிட்டுச் சாலைக்குப் போனால், தொழிற்சாலை பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

"இத நம்பி மோசம் போனேன்! சனிக்கிழம லோரிதான்!"

மோகனா அழுதாள். அழுதுகொண்டே வானொலியைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு செய்திக்கும் அடுத்த மணிச் செய்திக்கும் இடையே கணினியில் ஐம்பது நிமிடமே ஓடியிருந்தது. அடுத்த மணியிலும் அப்படியே.

அறுபதுக்கு ஐம்பதா? டிவியின் பின்பக்கச் சீட்டிலும் 50 என்றுதான் இருந்தது. அறிவியல் வகுப்பில் படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கிறது; டிவியும் கணினியின் எண்ணிக்கையும் அந்தத் தாளத்தில்தான் ஓடுகின்றன போலும். புத்தகமோ அமெரிக்காவில் அச்சானது, அங்கே அறுபது. பாவம், அறுபதை எட்டக் கணினி ஒவ்வொரு விநாடிக்கும் இன்னும் பத்துத் துடிப்புக்காகக் காத்துக் கிடந்திருக்கிறது!

அறுபதை அழித்து ஐம்பது என்று தட்டினாள்.

அதன்பின் வானொலிக்கும் கணினிக்கும் பிசகே இல்லை. அம்மா பஸ்ஸைத் தவறவிடவும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது.

சனிக்கிழமை, ஒலிபெருக்கியை அலறவிட்டபடி லோரி வந்தது. மோகனா பெட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள்.

அம்மா சன்னலைத் திறந்தார். "இங்க ஒன்னும் இல்லண்ணே, போங்க!"

பிறகு மோகனாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கப்பா ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல. எங்க கல்யாணத்துக்கே லேட்டு, தெரியுமா? அவரோட பொட்டியாச்சும் சரியா ஓடுது."

"கல்யாணத்துக்கேவா? அப்புறம் என்னம்மா ஆச்சு?"

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அன்று மதியம் முழுக்க இருவரும் அப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.